கடல்கோட் செய்தியும் சான்றின் தகுதியும்: கடல்சார் தொல்லியல் முடிவுகள் குறித்து ஒரு திறனாய்வு

1. தோற்றுவாய்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் கடற்கரை ஊரன்று; வயலும் ஏரியும் சூழ்ந்த உள்நாட்டு ஊர். அதன் வடபால் ஓடும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கூடுகின்றது. கூடிய நீர் கிழக்கு நோக்கிச் சென்று வயலூரை அடுத்துக் கடலிற் கலக்கின்றது. இத்தகைய ஊரை முன்னிறுத்திக் கடலடி ஆராய்ச்சி பற்றிப் பேசப் புகுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். எனினும், கடலிற் கிடைக்கும் பொருள்களைத் தமிழ் இலக்கியச் செய்திகளோடு பொருத்திக் காணும் முயற்சி இந்நாளிற் பெருகி வருகின்றது. அப்பொருத்தம் எந்நெறியால் நிகழ்தல் வேண்டும் என ஆராய்வார்க்கு, உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் கல்வெட்டுகள் தக்கதோர் அளவுகோலைத் தருகின்றன என்பது எம் கருத்து.

முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகளைத் தமிழறிஞர் யாவரும் அறிவர். வெங்கையா அவற்றை இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் விளக்கினார். பின்னர் நீலகண்ட சாத்திரியார் விரிவாக ஆராய்ந்தார். ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டதும், குடவோலை வாயிலாக வாரியப் பெருமக்கள் தெரிந்தெடுக்கப்பட்டதும் பாடநூல்களிலேயே இடம்பெற்ற செய்திகள். அத்தேர்வின் ஆரவாரத்தினும் அதற்கு முற்பட்ட ஒரு செயலே நம் ஆய்வுக்கு வேண்டுவது. ஓலை குடத்துட் புகுமுன், அவ்வோலைக்குரியவன் தகுதியுடையவனா என்று சபை வினவிற்று. தன் மனையில் வீடு கட்டி இருப்பவனா? உரிய அகவை உடையவனா? முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது விட்டவனா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே பெயர் ஓலையில் ஏறிற்று.

பெயரைக் குடத்தில் இடுமுன் தகுதியை வினவிய அந்நெறி, சான்றை முடிபில் இடுமுன் நம்மால் கடைப்பிடிக்கப்படுகின்றதா என்பதே இக்கட்டுரையின் வினா. அண்மைக் காலத்து ஆய்வேடுகள் பலவற்றை யாம் படிக்க நேர்ந்தது. “புகார் கடல்கோளால் அழிந்தது என்று காப்பியம் கூறுகின்றது, கடலாய்வும் அதனை மெய்ப்பித்துவிட்டது” என்னும் பொருள்பட அவற்றுட் பல எழுதிச் செல்கின்றன. மெய்ப்பித்தது எந்தப் பொருள், அது எவ்விடத்துக் கிடைத்தது, அதன் காலம் எவ்வாறு கணிக்கப்பட்டது என்னும் வினாக்கள் அவ்வேடுகளில் எழுவதில்லை. இக்குறை மாணவரது மட்டுமன்று. வழிகாட்டும் நம் போன்றோர்க்கும் அதிற் பங்குண்டு.

2. கடல்சார் தொல்லியல் வளர்ந்த வரலாறு

இத்துறையின் வளர்ச்சியைச் சுருங்கக் காண்போம். 1900-1901இல் கிரேக்க நாட்டு ஆன்டிகிதெரா தீவின் அருகே கடற்பஞ்சு எடுப்போர் பழங்கப்பல் ஒன்றைக் கண்டு, வெண்கலச் சிலைகளையும் பளிங்குச் சிலைகளையும் மேலே கொணர்ந்தனர். அது மீட்பே அன்றி ஆய்வாகாது. எப்பொருள் எப்பொருளின் அருகே எந்நிலையிற் கிடந்தது என்னும் குறிப்பு அங்கே முறையாக எடுக்கப்படவில்லை. 1943இல் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கிய மூச்சுக் கருவி, மூழ்குவோர் தம் முதுகிலேயே காற்றைச் சுமந்து நீருள் இயங்க வழி செய்தது. ஆயினும் கருவி வந்தவுடன் நெறி வந்துவிடவில்லை.

நெறி வந்த ஆண்டு 1960 எனலாம். அவ்வாண்டு துருக்கி நாட்டுக் கெலிடோனியா முனையில், வெண்கலக் காலக் கப்பல் ஒன்றை ஜார்ஜ் பாஸ் அகழ்ந்தார். தொல்லியலாளர் தாமே நீருள் மூழ்கி, நிலத்தகழ்வில் வேண்டப்படும் அளவையும் வரைவையும் நீரடியிலும் குறையாமற் பேணியதே அவ்வகழ்வின் சிறப்பு. 1628இல் மூழ்கிய வாசா என்னும் சுவீடன் நாட்டுப் போர்க்கப்பல் 1961இல் எடுக்கப்பட்டது. துருக்கியின் உலுபுருன் முனையருகே கிடந்த, கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சார்ந்த கப்பலின் அகழ்வு 1984 முதல் 1994 வரை நீடித்தது. ஒரு கப்பலுக்குப் பத்தாண்டு என்பது நாம் கருத்திற் கொள்ளற்பாலது.

1978இல் கீத் மக்கெல்ராய் எழுதிய நூல் இத்துறைக்கு எல்லை வகுத்தது. நீரடியிற் கிடைப்பது எதுவாயினும் அதனை ஆராய்வது நீரடித் தொல்லியல். கடலொடு மாந்தர் கொண்ட தொழிலின் எச்சங்களை, அவை நீருள் இருப்பினும் நிலத்தில் இருப்பினும், ஆராய்வது கடல்சார் தொல்லியல். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதலே நம்மவர் மயக்கத்திற்கு முதற் காரணம். கேரள மாநிலம் சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள பழைய மரக்கலம் ஒன்று நிலத்திலிருந்தே அகழ்ந்து எடுக்கப்பட்டது. பட்டணம் அகழ்வில் கிடைத்த ஓடமும் நிலத்தடியிற் கிடைத்ததே. கடல்சார் தொல்லியலார் தேடும் பொருள் கடலுள் மட்டும் இருப்பதன்று என்பது இவற்றால் தெளிவு.

இந்தியாவில் இத்துறை 1981இல் நிலைபெற்றது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தில் எஸ். ஆர். ராவ் தலைமையில் கடல்சார் தொல்லியல் மையம் அவ்வாண்டு தோன்றியது. துவாரகை, பூம்புகார் முதலிய இடங்களில் அம்மையத்தார் ஆய்ந்தனர். இந்தியத் தொல்லியல் துறை 2001இல் நீரடித் தொல்லியற் பிரிவு ஒன்றை அமைத்தது. இலங்கையில், 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்னும் ஒல்லாந்தக் கப்பல் ஆராயப்பட்டது. கொடவாய என்னும் தென்கடற்கரை ஊரருகே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கப்பலொன்றின் எச்சங்கள் கண்டறியப்பட்டன. கண்ணாடிக் கட்டிகளும் அரைகற்களும் அதன் சரக்கில் உள்ளன. 2001இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய உடன்படிக்கை, நீரடி எச்சங்களை இருந்த இடத்திலேயே பேணுதலை முதற்கண் கருத வேண்டும் என விதித்தது. பொருளை எடுத்தலினும் பொருளின் இடத்தை அறிதலே மேல் என்பது அவ்விதியின் உட்கிடை.

3. மூன்று வினாக்கள்

இனி, உத்திரமேரூர்ச் சபையார் வினவியவற்றுள் மூன்றினைச் சான்றின்மேல் ஏற்றிக் காண்போம். அச்சபை பிரமதேயத்துச் சபை. நிலமும் மறையறிவும் உடைய ஆடவர்க்கே அதன் வாரியங்களில் இடமிருந்தது என்பதை மறந்து அதனைப் போற்றுதல் நம் நோக்கமன்று. தகுதி வினவும் ஒழுங்கினையே யாம் ஈண்டுக் கொள்கின்றோம்.

முதல் வினா மனை பற்றியது. தன் மனையில் வீடு கட்டியவனே தகுதியுடையான். அங்ஙனமே ஒரு பொருள், தான் முதலிற் கிடந்த இடத்தினின்று எடுக்கப்பட்டதா, அலையால் உருட்டி வரப்பட்டதா, மீன் வலையிற் சிக்கி மேலே வந்ததா என வினவுதல் வேண்டும். இடம் இழந்த பொருள் தன்னைப் பற்றிச் சிறிது கூறலாம். ஊரைப் பற்றிக் கூறும் தகுதி அதற்கில்லை.

இரண்டாம் வினா அகவை பற்றியது. பொருளின் காலம் அப்பொருளினின்றே பெறப்பட்டதா, அன்றி அது கிடக்கும் ஆழத்தினின்று ஊகிக்கப்பட்டதா, அன்றி இலக்கியத்தினின்று கடன் வாங்கப்பட்டதா? இலக்கியத்தினின்று வாங்கிய காலத்தை மீண்டும் இலக்கியத்திற்கே சான்றாகக் காட்டுதல் வட்டமாய்ச் சுழலும் வாதம்.

மூன்றாம் வினா கணக்குப் பற்றியது. அகழ்வின் அறிக்கை வெளிவந்ததா? அளவும் வரைபடமும் பிறர் சோதிக்குமாறு வைக்கப்பட்டனவா? கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி அவன் உறவினரையும் சபை விலக்கிற்று. அதுபோல, அறிக்கையற்ற செய்தி ஒன்றினின்று பிறந்த மேற்கோள்களும், அம்மேற்கோளினின்று பிறந்த மேற்கோள்களும் எண்ணிக்கையாற் பெருகினும் சான்றாகா.

4. புகார்

இவ்வினாக்களைப் புகாருக்குப் பொருத்துவோம். புகாரைக் கடல் கொண்ட செய்தியைக் கூறுவது மணிமேகலை. நாக நாட்டு அரசமகள் பீலிவளை பெற்ற மகனைக் கம்பளச் செட்டியின் மரக்கலத்தில் விடுக்க, அக்கலம் உடைந்து குழவி காணாமற் போயிற்று. மகனைத் தேடி அலமந்த சோழன் இந்திர விழாவை மறந்தான். தெய்வத்தின் சாபத்தால் நகரைக் கடல் கொண்டது. இதுவே காப்பியம் காட்டும் நிகழ்ச்சிக் கோவை. இதனைத் திறனாய்வுக் கண்கொண்டு நோக்கின், கடல்கோள் ஈண்டு இயற்கை நிகழ்ச்சியாக வருணிக்கப்படவில்லை. கடமை மறந்த அரசின் விளைவாகவே வைக்கப்பட்டுள்ளது என்பது புலனாம். காப்பியத் தலைவி புகாரை விட்டு வஞ்சிக்கும் காஞ்சிக்கும் செல்லுதற்கும், கோவலன் குடியினர் இடம்பெயர்தற்கும் அந்நிகழ்ச்சி காரணமாகின்றது. எனவே புலவர்க்குக் கதைப்போக்கில் அக்கடல்கோள் இன்றியமையாதது. அதனை நாள் குறித்த செய்தியாகக் கொண்டு கடலடியில் தேடுதல், புலவரிடம் அவர் தாராத பொருளைக் கேட்பதாகும்.

இனி அகழ்வு கூறுவதைக் காண்போம். இந்தியத் தொல்லியல் துறை 1960களில் தொடங்கிக் காவிரிப்பூம்பட்டினப் பகுதியில் அகழ்ந்தது. கீழையூரிற் செங்கல்லாற் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. அங்கிருந்த மரக்கம்பத்தின் கரிமக் காலக்கணிப்பு ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டைக் காட்டிற்று. பல்லவனீச்சரத்தை அடுத்துப் புத்த விகாரை ஒன்று கிடைத்தது. இவையெல்லாம் நிலத்தில் உள்ளவை. துறையின் மனை தெரியும், அகவை அதன் மரத்தினின்றே பெறப்பட்டது, அறிக்கையும் வெளிவந்துள்ளது. பட்டினப்பாலை காட்டும் துறைமுக வாழ்வுக்கு இதனினும் உறுதியான துணை வேண்டுவதில்லை. எனினும் ஆய்வேடுகளில் இத்துறைக்குக் கிடைக்கும் இடம் ஓரிரு வரிகளே.

அடுத்து நிற்பன, அலை வந்து மீளும் கரைவிளிம்பிற் காணப்படும் உறைகிணறுகளும் செங்கற் கட்டடப் பகுதிகளும். நன்னீர்க்காகத் தோண்டிய உறைகிணற்றை அலைவாய்ப்பட்ட இடத்தில் எவரும் அமையார். ஆதலின் அக்கிணறுகள் தோண்டப்பட்ட காலத்துக் கரை கிழக்கே தள்ளி இருந்தது என்பது உறுதி. கடல் நிலத்தை உண்டது என்பதற்கு இது நல்ல சான்று. ஆயின் அது ஒரு நாளில் உண்டதா, பல நூற்றாண்டில் சிறிது சிறிதாக உண்டதா என்பதற்கு இது சான்றாகாது.

அவ்வினாவிற்கு அண்மையிலுள்ள தரங்கம்பாடி விடை கூறுகின்றது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து எடுக்கப்பட்ட மாசிலாமணிநாதர் கோயில் கரையினின்று விலகிக் கட்டப்பட்டது. பின்னர்க் கடல் அதன் முன்பகுதியைச் சிறிது சிறிதாக அரித்துக் கொண்டது. எந்தச் சாபமும் அங்கே இல்லை. ஒரு நாள் ஊழியும் இல்லை. புகாரிலும் இத்தகைய அரிப்பே பெரும்பங்கு கொண்டிருத்தல் கூடும் என்னும் கருத்து, கடல்கோளை முற்றும் மறுப்பதன்று. அதனினும் எளிய காரணத்தை முதலில் ஆராய்க என்பதேயாம். மேலும் 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பட்டினத்துப் பல்லவனீச்சரத்தைப் பாடியுள்ளார். ஊர் முழுதும் கடலுள் மறைந்ததாயின் இது நிகழ்ந்திராது. காப்பியத்தை ஏற்கும் நாம் பதிகத்தை ஏன் வினவுவதில்லை?

இனிக் கடலுள் கிடப்பவற்றுக்கு வருவோம். கரைக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைக் குளம்பின் வடிவுடைய அமைப்பு ஒன்றை 1991இல் ஒலியலைக் கருவி காட்டிற்று. 1993இல் மூழ்குவோர் அதனைப் பார்த்தனர். அது மாந்தர் கட்டியதா, இயற்கையாய் அமைந்ததா என்பது முடிவு செய்யப்படவில்லை. ஆயினும் கிரகாம் ஹான்காக் என்னும் எழுத்தாளர், அவ்வாழம் நிலமாக இருந்த காலத்தைக் கணித்து, அவ்வமைப்பு 11,000 ஆண்டுக்கு முற்பட்ட நாகரிகத்தின் எச்சம் எனப் பரப்பினார். அவர் கூற்றை நம்மவர் சிலர் மகிழ்வுடன் ஏற்றுக் கொண்டனர். மேற்கூறிய இரண்டாம் வினா இங்கே எழுகின்றது. பனியூழியின் இறுதியில் கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்து பின்னர் உயர்ந்தது என்பது புவியியலார் உடன்பட்ட செய்தி. ஆகவே ஓர் இடத்தின் ஆழம், அவ்விடம் எப்போது நிலமாக இருந்திருக்கலாம் என்பதை மட்டுமே கூறும். அங்குள்ள கல்லை மாந்தர் அடுக்கினர் என்பதை ஆழம் கூறாது. அகவையை வீட்டின் தளத்தைக் கொண்டு கணிப்பார் உண்டோ?

இக்கடலிலேயே மூன்று வினாக்களுக்கும் விடை தரும் பொருள் ஒன்று உண்டு. பூம்புகாருக்கு அப்பால் ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் கப்பலில் ஈயக்கட்டிகள் கிடைத்தன. அவற்றில் பிளாக்கெட் என்னும் ஆங்கிலப் பெயரும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. இடம் தெரியும், காலம் பொருளிலேயே எழுதப்பட்டுள்ளது, ஆய்வறிக்கையும் உண்டு. இங்கிலாந்தின் சுரங்கத்து ஈயம் சோழ மண்டலக் கரைக்கு எவ்வாறு வந்தது, யார்க்காக வந்தது என்பன அரிய வினாக்கள். ஆயினும் புகார்க் கடலாய்வைப் போற்றும் நம் நூல்களில் இக்கப்பலைக் காண்டல் அரிது. நாம் விரும்பிய காலத்ததன்று என்பதே அதன் குற்றம் போலும். தகுதியுடையானை விலக்கி, தகுதி அறியப்படாதானை வாரியத்தில் இருத்தும் செயல் இது.

5. மாமல்லபுரம்

உத்திரமேரூர்க்குக் கிழக்கே, முன்னர்க் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கி 2019 முதல் செங்கற்பட்டு மாவட்டத்ததாய் உள்ள மாமல்லபுரம், கேள்விச் செய்தி சான்றாக மாறும் வழியை நன்கு காட்டுகின்றது. 1772, 1776 ஆகிய ஆண்டுகளில் அங்குச் சென்ற வில்லியம் சேம்பர்ஸ் 1788இல் தம் கட்டுரையை வெளியிட்டார். கடலுள் மூழ்கிய கோயில்களின் செம்புக் கலசங்கள் ஞாயிற்றொளியில் மின்னுவதை முதியோர் கண்டிருந்தனர் என்று பிறர் தமக்குக் கூறியதாக அவர் எழுதினார். அவர் கண்டது ஒன்றுமில்லை. கேட்டதையே உண்மையாக உரைத்தார். 1810இல் சதே என்னும் ஆங்கிலக் கவிஞர் மூழ்கிய நகரைத் தம் காவியத்துட் கொண்டார். அதன்பின் மாலுமியர் வழங்கிய ‘ஏழு கோயில்’ என்னும் பெயரே ஆறு கோயில் கடலுள் உள்ளமைக்குச் சான்றாக வழங்கலாயிற்று.

2002இல் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் அறிவியல் ஆய்வுப் பயணக் கழகத்தாரும் கூடிக் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் மூழ்கி ஆய்ந்தனர். 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சரிந்த சுவர்களும், செதுக்கிய கற்களும், படி போன்ற அமைப்புகளும் காணப்பட்டன. இவை மாந்தர் வினை என்பதில் ஐயம் குறைவு; பல்லவர் காலத்தனவாதல் கூடும் என்றும் ஆய்வாளர் கருதினர். ‘கூடும்’ என்ற அச்சொல்லை நாளிதழ்கள் விட்டுவிட்டன. நம் ஆய்வேடுகளும் விட்டுவிட்டன.

26 திசம்பர் 2004 அன்று எழுந்த ஆழிப்பேரலை கரை மணலைப் பெயர்த்தது. சாளுவன்குப்பத்தருகே பாறை ஒன்றில் அதுவரை மறைந்திருந்த கல்வெட்டு வெளிப்பட்டது. திருவிழ்ச்சில் என்னும் ஊரிலிருந்த முருகன் கோயிலை அது குறிப்பதை அறிந்த தொல்லியல் துறையினர் 2005இல் அவ்விடத்தை அடுத்து அகழ்ந்தனர், கோயிலும் கிடைத்தது. கருங்கற் கோயிலின் கீழே அதனினும் பழைய செங்கற் கோயில் இருந்தமையும் தெரிந்தது. இந்நிகழ்ச்சி நமக்குப் பெரும்பாடம். கலசம் மின்னிய கதை இருநூறு ஆண்டாகத் தேடியும் தாராத கோயிலை, ஊர்ப்பெயர் கூறிய கல்வெட்டு சில திங்களில் தந்தது. அக்கோயிலும் கடலுள் இல்லை. கரை மணலுள் இருந்தது. கடல் செய்த தொண்டு, மூடிய மணலை விலக்கியதே.

6. பாலாற்று முகம்

கடல்சார் தொல்லியல் நிலத்திலும் நிகழும் என முன்னர்க் கூறினோம். அதற்கு உத்திரமேரூர்ப் பகுதியோடு நீர்வழித் தொடர்புடைய இடம் வசவசமுத்திரம். பாலாற்று முகத்தில் வயலூரை அடுத்துள்ள இவ்வூரில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து 1978இல் அறிக்கை வெளியிட்டனர். உறைகிணறுகளும் கூம்படிச் சாடிகளின் துண்டுகளும் பிறவும் கிடைத்தன. காஞ்சி நகரத்து அகழ்விலும் கூம்படிச் சாடிகள் கிடைத்துள்ளன. ஆற்றுமுகத்துத் துறையும் உள்நாட்டுத் தலைநகரும் ஒரே வகைக் கலத்தைப் பயன்படுத்தின என்பது, துறையையும் அதன் பின்னிலத்தையும் இணைக்கும் அரிய செய்தி.

இச்சாடிகளின் வரலாறு ஆராய்ச்சித் திருத்தத்திற்கும் எடுத்துக்காட்டு. கூம்படி கொண்ட சாடித் துண்டு கிடைத்தால் அதனை ஆம்போரா என்னும் உரோம மதுச்சாடி என்றெழுதுதல் ஒரு காலத்து வழக்கமாக இருந்தது. பின்னர் இராபெர்ட்டா டாம்பர் முதலியோர் களிமண்ணின் தன்மையையும் உட்பூச்சையும் நோக்கி, இந்தியாவில் அவ்வாறு எழுதப்பட்டவற்றுட் சில பாரசீக வளைகுடாப் பக்கத்துச் சாடிகள் எனப் பிரித்தறிந்தனர். வேறு சில இந்நாட்டிலேயே வனைந்தவை. இதனால் தமிழர் கடல் வாணிகம் குறைந்துவிட்டதா? இல்லை. உரோமரொடு மட்டும் வாணிகம் என்னும் ஒருமுகப் படிவம் மறைந்து, பல துறைகளொடு பல நூற்றாண்டு நிகழ்ந்த வாணிகம் என்னும் விரிந்த படிவம் தோன்றிற்று. சான்றைக் கடுமையாக வினவியதனால் வந்த ஆக்கம் இது. உத்திரமேரூர்ச் சபையும் தன் விதியைத் திருத்தத் தயங்கவில்லை. 919இல் 30 முதல் 60 வரை என வகுத்த அகவை வரம்பை, 921இல் 35 முதல் 70 வரை என மாற்றிக் கல்லிற் பொறித்தது. முந்தைய கல்லை அழித்துவிடாமல் இரண்டையும் நிறுத்திய நேர்மை நாம் பின்பற்றத் தக்கது.

7. ஒரு மறுப்பும் விடையும்

“வாய்மொழி மரபை இவ்வளவு ஐயுறின், எழுத்துச் சான்று குறைந்த பழங்காலத்தை அறிவது எங்ஙனம்? கடல்கோள் நினைவு தமிழ் மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்ததன்றோ?” என வினவுவார் உளர். இவ்வினா மதிக்கத்தக்கது. இறையனார் களவியலுரை முச்சங்க வரலாற்றிற் கூறும் கடல்கோள்களும், மணிமேகலை கூறும் கடல்கோளும், கடலஞ்சி வாழ்ந்த மக்களின் நினைவிலே தோன்றியன என்பதை யாம் மறுக்கவில்லை. 2004இன் பேரலையைக் கண்ட தலைமுறை அவ்வச்சத்தை எள்ளி நகையாடாது. கடல் அழிக்கும் என்னும் அறிவு அவற்றில் உள்ளது. அதுவே அவற்றின் உண்மை. எக்கடற்கரை, எவ்வாண்டு, எத்துணை நிலம் என்னும் வினாக்களுக்கு விடை கூறுதல் அவற்றின் தொழிலன்று.

மேலும் காப்பியத்தைக் கடல்கோள் ஒன்றற்கே சான்றாகப் பயன்படுத்துவோர், அது உண்மையாகவே தரும் கடற்செய்திகளைக் கைவிடுகின்றனர். கலமுடைந்த சாதுவன் மரத்துண்டைப் பற்றி நாகர் மலையை அடைந்தமை, மணிபல்லவத்திற்குக் கலங்கள் சென்று மீண்டமை, கடல் காக்கும் தெய்வமாக மணிமேகலா தெய்வம் போற்றப்பட்டமை ஆகியன கடலோடிகளின் அச்சத்தையும் நம்பிக்கையையும் வழக்கத்தையும் காட்டுகின்றன. அத்தெய்வம் பாலிச் சாதகக் கதைகளிலும் வருதலின், அக்கடலோடிகளின் உலகம் எத்துணைப் பரந்தது என்பதும் விளங்கும். கொடவாயக் கப்பலை ஆராய்வார்க்கு இச்செய்திகள் உயிரூட்டும்.

தமிழரின் கடற்பெருமைக்கு ஐயுற்ற சான்று வேண்டுவதில்லை. எகிப்தின் குசேர் அல்-கதீமிலும் பெரனிக்கேயிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானைத் துண்டுகள் கிடைத்துள்ளன. தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னுமிடத்தில், தமிழ்ப் பொற்கொல்லன் ஒருவனின் உரைகல் தமிழ் எழுத்தோடு கிடைத்தது. சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிக்கின்றது. இவை சிறியன, ஒரு துண்டு, ஒரு கல். ஆயினும் எந்நாட்டு அறிஞர் அவையிலும் இவை தலைநிமிர்ந்து நிற்கும். ஐயத்திற்குரிய பதினாயிரம் ஆண்டை இவற்றோடு ஒருங்கு வைப்பின், அது வீழுங்கால் இவற்றின் மதிப்பையும் உடன் இழுத்துச் செல்லும். இதுவே யாம் அஞ்சுவது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கடல்சார் தொல்லியல் நீரடிப் பொருள்தேடல் மட்டுமன்று. ஆற்றுமுகம், துறை, பின்னிலம், கலம், சரக்கு அனைத்தையும் தழுவியது. ஆகலின் காஞ்சி, உத்திரமேரூர் போன்ற உள்நாட்டு ஊர்களின் கல்வெட்டும் மட்கலமும் அறியாமல் கடற்கரையை அறிதல் இயலாது. இலக்கியம் தனக்குரிய செய்தியிலும், கடலடிப் பொருள் தனக்குரிய செய்தியிலும் சான்றாகும். ஒன்றன் குறையை மற்றொன்றன் பெயரால் நிரப்புதல் இரண்டிற்கும் இழுக்கு.

முதுகலை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கடலாய்வுச் செய்தி ஒன்றை மேற்கோள் காட்டுமுன், அதன் மனை யாது, அகவை யாது, கணக்கு யாண்டுள்ளது என்று எழுதிப் பார்த்தல் வேண்டும். மூன்றனுள் ஒன்றேனும் விடையின்றி நிற்பின், அச்செய்தியைக் குறிப்பில் வைக்கலாம்; முடிபில் வைத்தலாகாது. ‘கூடும்’ என்று ஆய்வாளர் எழுதியதை ‘ஆம்’ என்று மாற்றும் உரிமை நமக்கில்லை.

உத்திரமேரூரில் ஏரிக்கென்று ஆறு பேர் கொண்ட தனி வாரியம் இருந்தது. 360 நாள் கழிந்ததும் அவர்தம் பொறுப்பு முடிந்தது. ஏரி நிலைத்திருக்க, காப்போர் மாறி மாறி வந்து கணக்கொப்புவித்துச் சென்றனர். தமிழாராய்ச்சியும் அத்தகையதே. நமக்குப் பின் வருவோர் நம் கணக்கைக் கேட்பர். அவர்க்குக் காட்டத்தக்க கணக்கை எழுதி வைத்தல் நம் கடன். யாம் கூறியவற்றுட் பிழை உளதாயின் அறிஞர் எடுத்துக் காட்டித் திருத்துக.